செடிச்சுவருக்குள் நின்ற சின்னவன்

1983ஆம் ஆண்டு ஆடி மாதம், புதுச்சேரி சாரத்தில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டு வாசலில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். சொற்போர் மேடைகளில் கோப்பைகளை வாங்கி வாங்கி, என் நாவுக்கு எட்டாதது எதுவுமில்லை என்று நம்பியிருந்தவன்.

அந்தத் தொழிலாளி என்னைத் தேடிக் கல்லூரி வாயிலுக்கே வந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். இளைய மகன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து பிரெஞ்சு நாட்டிலேயே இருந்தான். இராணுவ வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். பதினாறாம் நாள் படத்திறப்பு. நான் பேச வேண்டும் என்றார்.

திறக்கப்படவிருந்த படத்தின் சிறு பிரதியை என் கையில் வைத்தார். விடுமுறை நாளொன்றில், பழைய கோட்டை ஒன்றின் தோட்டத்தில் நண்பன் எடுத்தது. ஆளுயரத்தை மிஞ்சிய செடிகள், சுவர்போல் சீராக வெட்டப்பட்டிருந்தன. இரு சுவர்களுக்கு நடுவே நின்று, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். உள்ளே புகுந்தவர் வெளிவரும் வழியைத் தேடித் திணறும் புதிர்ப்பாதைத் தோட்டம் அது.

"எங்க வீட்ல, அவன் அம்மா, இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் உடல தம்பி," என்றார். "பொணத்தப் பாக்கல இல்ல? புள்ள சாவல, அந்தச் செடிக்குள்ளதான் வழி தெரியாம சுத்திகினு கெடக்கான்னு சொல்லுது. தெனம் அவனுக்குத் தட்டு வைக்குது. அது என்னா எடம்னு நீங்க நாலு வார்த்த வெளங்குற மாதிரி சொல்லணும். அது அழுவணும். அவ்ளோதான்."

எத்தனையோ அவைகளைக் கைதட்ட வைத்தவனுக்கு ஒரு தாயைத் தெளியவைப்பதா கடினம் என்று நினைத்தேன். நூலகத்தில் அமர்ந்து, கோட்டைகளையும் அவற்றின் சுற்றுவழிகளையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

படத்திறப்பன்று தெருவை அடைத்துப் பந்தல். வெள்ளைத் துணி போர்த்திய படத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். இறந்தவனின் தாய்மாமன் என்னைக் கண்டதும், "பேச்சாளரு வந்துட்டாரு, சோடா ஒடைங்கடா! வெறும் வாயோட உட்டா ரெண்டு நிமிசத்துல முடிச்சிப்புடுவாரு" என்றார். சிலர் சிரித்தார்கள்.

நான் தொடங்கினேன். இடைக்காலத்துப் பிரபுக்கள் பகைவரைச் சிக்கவைக்கவே கோட்டைகளில் புதிர்ப்பாதை அமைத்தார்கள் என்பது சுவையான கதை, அதற்குச் சான்று இல்லை என்றேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய பெரியவர், கையை உயர்த்தினார்.

"யோவ் தம்பி, நான் அந்த ஊர்ல சோறு தின்னவன். எதிரியப் புடிச்சி உள்ள உடுறதுக்குத்தான் கட்னான். உள்ள போனவன் எலும்புகூட வராது!"

அந்த அம்மாவின் தோள் அசைந்தது. அவருடைய நம்பிக்கை இந்தப் பெரியவரின் கதையிலிருந்து முளைத்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுப்புரை என் கோட்டை. பகைவரைத் தடுக்க வாயிலை வளைத்துக் கட்டினார்கள், அகழி வெட்டினார்கள். செடியை வளர்த்துக்கொண்டிருக்கவில்லை என்றேன். தேவாலயத் தரையில் பதித்த சுற்றுவழிக்கு ஒரே பாதைதான். அது நடுவரை சென்று சேரும். அடியவர்கள் அதில் வழிபட்டபடியே நடந்தார்கள். தோட்டத்துப் பாதைகளோ களிப்புக்காக எழுந்தவை. அரசகுலத்தார் அவற்றில் வழி தவறிச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள் என்றேன். சொல்தா உயர்த்திய கையை இறக்கிக்கொண்டார். வென்றுவிட்டேன் என்ற மகிழ்ச்சி எனக்குள் பரவிய நேரத்தில் அந்த அம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அப்ப உள்ள போனவங்க வெளிய வந்துருவாங்களா தம்பி?"

"எல்லாரும் வந்துருவாங்கம்மா."

"வழி தெரியாதவங்க?"

அதற்கும் என்னிடம் விடை இருந்தது. "சில தோட்டத்துல நடுவுல ஒசரமா ஒரு மேடை இருக்கும்மா. அதுல ஒருத்தர் நின்னு, வழி தெரியாதவங்களைக் கூப்பிட்டு வழி சொல்லுவார்."

"என்னான்னு கூப்புடுவாரு? எம்புள்ள பேரு அவங்க வாயில நொழையாதே. பட்டாளத்துல நம்பரச் சொல்லித்தான் கூப்புடுறாங்கன்னு அவனே சொன்னான்."

மறுப்புரையில் மூச்சுவிடக்கூட இடைவெளி தராதவன், கையிலிருந்த குறிப்புகளைப் புரட்டினேன்.

அவர் எழுந்தார். படத்தின்மேல் இருந்த துணியைத் தாமே இழுத்தார். பச்சைச் சுவர்களுக்கு நடுவே மகன் சிரித்துக்கொண்டிருந்தான். தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிட அழைக்கும் குரலில், "சின்னவனே" என்றார். பிறகு சற்று உரக்க: "டேய் சின்னவனே, இந்தப் பக்கம் வாடா. அம்மா இங்க நிக்கிறேன் பாரு. நேரா வா."

தெரு முழுவதும் மூச்சடங்கியது. மறுமொழி வருமென்று நாங்கள் அத்தனை பேரும் காத்திருந்தோம் என்றே சொல்வேன். சொல்தா தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் முறை அழைத்தபோது பாதிப் பெயரில் குரல் உடைந்தது. படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் சரிந்தார். பதினாறு நாளாய் வராத அழுகை வந்தது.

என் கையிலிருந்த மைக்கைத் தாய்மாமன் மெல்ல வாங்கிக்கொண்டார். தயாரித்து வந்த முடிவுரை என்னிடமே தங்கிவிட்டது.

தெருமுனைவரை அந்தத் தந்தை என் சைக்கிளைப் பிடித்தபடி உடன் நடந்தார். "அழுதுடுச்சி தம்பி. இனிமே தட்டு வைக்காது," என்றார். நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் சைக்கிளின் கைப்பிடியை விடாமலே அவரும் அழத் தொடங்கினார். அதுவரை அவருக்கு அழ நேரம் வாய்க்கவில்லை போலும்.

இன்றும் மேடையேறுகிறேன், வெல்லவும் செய்கிறேன். ஆனால் முதற்சொல்லை எடுக்குமுன் அந்தத் தெரு காத்திருந்த மௌனம் ஒரு கணம் என்னைச் சூழ்கிறது. வரமாட்டான் என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு தாய் தன் பிள்ளையை அழைத்த அந்த மூன்று அழைப்புகளோடு வைத்துப் பார்த்தால், நான் பேசிய எதுவும் பேச்சில்லை என்று தோன்றுகிறது.