ஒடூமின் முழங்காலும் அராபாவின் பலகையும்

மூரீ கடற்கரையில் ஒடூமைத் தெரியாதவர் கிடையாது. கூரைமேல் காயப்போட்ட மீனைக் கீழே நின்றபடியே எடுத்துவிடுவான், அவ்வளவு உயரம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் கடலில் விழுவதுதான்.

எங்கள் படகின் பக்கச் சுவர் எனக்கும் மற்றவர்களுக்கும் தொடைவரை வரும். வலை இழுக்கும்போது தொடையை அதில் முட்டுக்கொடுத்துக்கொள்வோம். ஒடூமுக்கோ அது முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். ஓர் அலை படகைத் தட்டினால் போதும், சுவர் காலைத் தடுக்கும், மேல்பாதி வெளியே கிளம்பிவிடும். மீன் நிறையக் கிடைத்த நாளில் இன்னும் மோசம். குவிந்த மீன்மேல் ஏறி நிற்கிறவனுக்குச் சுவர் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது; படகும் பாரத்தில் தாழ்ந்து கிடக்கிறது. அதனால் மீன்பாடு நன்றாக இருந்த அன்றெல்லாம் ஒடூம் தொப்பலாக நனைந்துதான் கரைக்கு வருவான். விழுந்தால் அவனே விளிம்பைப் பிடித்து ஏறிவிடுவான். "தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் குளிரு" என்பான், விட்ட கயிற்றை மறுபடி பிடிப்பான்.

ஒருநாள் மட்டும் வலைக்குள்ளேயே விழுந்து சிக்கிக்கொண்டான். நாங்கள் கண்ணிகளை அறுத்து வெளியே எடுப்பதற்குள் எங்களுக்கே மூச்சு நின்றுவிட்டது.

படகின் சொந்தக்காரி அராபா, அவனுடைய மனைவி. மீன் வியாபாரத்தில் அவள் வாய்க்குப் பயந்து, விலை பேச வருகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டி வருவார்கள். அன்றைக்கு விஷயத்தைக் கேட்டவள் புருஷனைத் திட்டவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம் வந்தது.

எங்கள் ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள், யாரும் போகமாட்டோம். அந்த நாள் பார்த்து அராபா தச்சரைக் கூட்டிவந்து, படகைச் சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்குப் புதுப் பலகை அடித்துவிட்டாள். கேட்டதற்கு, அலை உள்ளே தெறிக்கிறது, சுவரை உயர்த்தினேன் என்றாள். ஒடூம் கரை முழுக்க நடந்து, இந்த வருஷம் அலை ஏன் பெரிசாக வருகிறது என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னான். நாங்கள் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டோம்.

சுவர் இப்போது ஒடூமுக்குத் தொடையளவு. எங்களுக்கு நெஞ்சளவு. அக்குள் இரண்டும் உரசிப் புண்ணாயிற்று. வலையை எட்ட வேண்டுமானால் எதன்மேலாவது ஏறி, வயிற்றைப் பலகையில் கிடத்தித் தொங்க வேண்டும். காலையில் தின்ற, புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டை தொண்டைவரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அராபாவிடம் முறையிட்டோம். கை எட்டாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து கெங்கே அவிக்கலாம் என்றாள்.

படகை நடத்துகிற தண்டல் அபாக்கா எங்களில் வயதில் பெரியவர், உயரத்தில் கடைசி. அவர்தான் முடிவாகச் சொன்னார்: அடுத்த செவ்வாய்க்குள் பலகை போக வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் வேறு படகுக்குப் போகிறோம். பலகை போனால் என் புருஷன் கடலுக்கே வரமாட்டார் என்றாள் அராபா. ஒடூமுக்கு முகம் செத்துவிட்டது. கரையில் அவனுக்கு வேலை ஏது? மீன் விற்க உட்காரவைத்தால் கொசுறு போட்டே கூடையைக் காலி செய்கிற ஆள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அக்குள் என்னுடையது.

திங்கட்கிழமை வலையில் சாளை மீன் அள்ளிக்கொண்டு வந்தது. அபாக்கா மீன் குவியல்மேல் ஏறி, பலகைமேல் கவிழ்ந்து வலையை எட்டினார். படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. தலைகுப்புறப் போய்விட்டார். நீந்தத் தெரிந்தவர்தான், ஆனால் விளிம்பு எட்டவில்லை. நாங்களும் தொங்கித் தொங்கிப் பார்த்தோம், எங்கள் கையும் அவர் கையைத் தொடவில்லை. துடுப்பை நீட்டினோம்; படகு ஆடிய ஆட்டத்தில் அது அவர் மண்டையில் இரண்டு தடவை பட்டதுதான் மிச்சம். மூன்றாவது அலையில் மூழ்கி எழுந்தபோது, எங்களைத் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மறுபக்கம் நின்றிருந்த ஒடூம் எங்களைத் தள்ளிவிட்டு வந்தான். தொடையைப் பலகையில் முட்டுக்கொடுத்து அப்படியே மடிந்து கையை இறக்கினான். முதல் இழுப்பில் சட்டை மட்டும் வந்தது. இரண்டாவதில் அபாக்கா வந்து மீன்மேல் விழுந்தார். ஒடூம் அத்தனை தூரம் வெளியே சாய்ந்தும் உள்ளேயே நின்றான். நாங்கள் அதைத்தான் அதிசயமாகப் பார்த்தோம்.

"தண்ணி குளிரா இருக்கா, மாமா?" என்று அக்கறையாகக் கேட்டான்.

மறுநாள் செவ்வாய்; சொன்ன கெடுப்படி பலகையைப் பிடுங்கத் தச்சர் சுத்தியலோடு வந்தார். அராபா ஒதுங்கி நின்றாள். அபாக்கா போய்ப் பலகைமேல் கை வைத்துக்கொண்டார்.

"சுவரு இப்படியே இருக்கட்டும், அராபா. எங்க குட்டைக் காலுக்கு அடியில மேடை போட்டுக் குடு. இவன் பழைய தரையிலயே நிக்கட்டும்."

அராபா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

"அலைக்காக இல்ல, மாமா. இவருக்காகத்தான் அடிச்சேன். அன்னைக்கு வலைக்குள்ளயே போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"அது ஊருக்கே தெரியும், தாயி."

ஒடூம் பலகையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதே," என்றான்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவன் படகைச் சுற்றி நடந்து, பலகை முழுவதையும் ஒரு தடவை கையால் தடவிக்கொண்டே போனான்.