ஹீட் மீட்டருக்கு வைத்த பொட்டு

இன்று என் பழைய டாக்சிக்கு இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் மாட்டினேன். ஆவி கிளம்பிய பிறகு பானெட்டைத் திறந்து பார்த்த காலம் போதும்.

மனைவி பூசை போட்டு, மீட்டர் கண்ணாடியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள்.

தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸிலிருந்து பூதிகோட்டைக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரோடு சவாரி. மேடு ஏறும்போது சூட்டு வாடை அடித்தது. பொட்டைத் துடைத்தேன். அதன் பின்னால் முள் சிவப்புக் கோட்டில் நின்றது.

ஓரங்கட்டினேன்.

"இன்னாபா, முகூர்த்தம் போயிடும்!" என்று கத்தினார் பெண்ணின் மாமா.

"முள்ளு எறங்காம வண்டி நவுராதுங்க."

முள் இறங்கிய பிறகே வண்டியை எடுத்தேன். தாலி கட்டுமுன் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டில் மனைவி, "இன்னாங்க, பொட்ட அழிச்சிட்டீங்களே! இனிமே எங்க வெக்கறது?" என்றாள்.

ஓட்டுகிறவன் நெற்றியில் வை என்று சொல்லிவிட்டேன். உங்கள் வண்டிகளில் எங்கே வைக்கிறார்கள்?