மழை அங்கிளின் குரல்பதிவு

இன்று செவன் ஹில்ஸ் மரக்கறிக் கடையில் மழை அங்கிளையும் அன்ரியையும் கண்டேன். அங்கிள் வலது கையால் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் பக்கவாதம் வந்து அசையாமல் கிடந்த கை.

தினமும் காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவில் வானிலை சொல்வார். அதனால்தான் அந்தப் பெயர். யாரும் கேட்பதில்லை.

பக்கவாதம் வந்த அன்று, விடியப்புறத்தில் அன்ரி வேலைக்குப் போகும்போது அவர் நித்திரை. காலை பத்து மணிக்கு வேலை முடிந்து திரும்பி வந்தபோது வாய் கோணிப்போய்க் கதிரையில் சரிந்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துவிட்டு, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்டாராம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். நேரம் தெரியாமல் ஏற்றினால் மூளையில் இரத்தம் கசியலாம்.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை? பிறகுதான் இந்த மனுசன்ர மெசேஜ் ஞாபகம் வந்தது. நான் வீட்டை வரக் கொஞ்சம் முதல்தான் அனுப்பியிருக்கிறார். போட்டுக் காட்டினன். குரல் தெளிவு. 'என்ன சொல்லுறார்?' எண்டு டாக்டர் கேட்டார். மழை வரும், உடுப்புக் காயப் போடாதேங்கோ எண்டு சொல்லுறார் எண்டன்."

மருந்து ஏற்றினார்கள்.

"ஃபோனை வை, ஃபோனை வை எண்டு கத்தினவ இவதான்," என்றார் அங்கிள். "பிள்ளை, இண்டைக்கும் மழை."

இப்போது பின்னேரம். வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் உடுப்பு உள்ளேதான் காய்கிறது.

உங்கள் வீட்டில்?