படுகையில் நட்ட வெங்காயம்

ஆண்டாயிக்குத் தங்கை மேல் பாசம் உண்டு. தங்கை ஊர் ஆற்றின் மேல்தான் பொறாமை. அவள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். பக்கத்துக் காட்டுக்காரி நான் சொல்கிறேன்.

எங்கள் குன்னத்துப் பக்கம் கரிசல் பூமி. வானத்தைப் பார்த்து மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று காலம் தள்ளுகிறோம். ஆண்டாயியை இங்கே கட்டிக்கொடுத்த அப்பன், சின்னவள் கிருஷ்ணம்மாளைக் கொள்ளிடக் கரையில் திருமழபாடிக்குக் கொடுத்துவிட்டார். கோயிலுக்கும் ஆற்றுக்குமாக வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிற ஊர். வாசலில் இளநீர்க் கடை, கொல்லையில் வாழை. சித்திரையில் எங்கள் மண் பாளம் பாளமாக வெடிக்கும்போது, அங்கே சாயங்காலமானால் ஆற்றுக் காற்று.

"எங்க தலையில பெஞ்சாத்தான் எங்களுக்குத் தண்ணி. இவளுக்கு எங்கயோ குடகுல பேயுது, வூட்டு வாசலுக்கு வந்து நிக்குது!" என்று பொருமுவாள். தங்கை அனுப்பிய வாழைப்பழத்தைத் தின்றுகொண்டேதான் இந்தப் பேச்சு.

போன வருடம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "ஒங்க ஆத்துப் படுகையில அரை ஏக்கர் குடுடி, வெங்காயம் போட்டுக்கறேன்."

கிருஷ்ணம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "எடுத்துக்கக்கா" என்றாளாம். அந்தத் தயக்கத்தையும் இவள் விடவில்லை. "குடுக்க மனசு வரல பாத்தியா!" என்று ஊர் முழுக்கச் சொன்னாள்.

விதைக்கு வைத்திருந்த வெங்காயம் அத்தனையும் ஆற்றங்கரைக்குப் போனது. சொந்தக் காட்டில் ஒரு பாத்திகூட நடவில்லை. விளைச்சலோ அமோகம். திரட்சியான காய்களை வேன் பிடித்துக் கொண்டுவந்து, என் கண்ணில் படும்படியாக, விதை வெங்காயம் சேர்த்துவைக்கப் பட்டறை போட்டாள். அடியில் காற்றுப் போகக் கல் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்தாள். ஐப்பசி மழைக்கு நடும்வரை அதற்குள்தான் விதை கிடக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

இருபதாம் நாள் நாற்றம் எட்டூருக்கு அடித்தது. கீற்றை விலக்கிக் கையை விட்டால், எடுத்த காயெல்லாம் கூழாகப் பிதுங்கியது. மழையில் விளைந்த எங்கள் வெங்காயம் பொடிசு, ஆனால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். ஆற்றுத் தண்ணீர் குடித்துக் கொழுத்தது பட்டறை தாங்காது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

சேதி கேட்டுக் கிருஷ்ணம்மாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆண்டாயி பாய்ந்தாள்.

"ஒங்க மண்ணு இப்புடின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி? ஐப்பசிக்கு நான் எத நடுவேன்?"

"கட்டிக்கிட்டுப் போன புதுசுல நானும் பட்டறை போட்டு அழுகவுட்டேன்க்கா. சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"அப்புறம் என்ன கேடு?"

"சொன்னா, நெலம் குடுக்க மனசில்லாம சாக்கு சொல்றேன்னுருப்ப. நான் எது சொன்னாலும் நீ அப்புடித்தானேக்கா எடுத்துக்கற."