அடையாளம் என்ற கட்டம்

எங்கள் ஆப்பில், வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் ‘லேண்ட்மார்க்’ கட்டத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் ‘அடையாளம்’ என்று தமிழ் போட்டிருந்தார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப் ஒன்றின் ஆப் அது. அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில். ஆப்பில் பிழை தேடுவது என் வேலை. அடையாளம் என்று கேட்டால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? பள்ளிக்கூட டி.சி. ஞாபகத்தில் ‘வலது கன்னத்தில் மச்சம்’ என்று எழுதினார்கள். அடையாள அட்டையைக் கேட்கிறோம் என்று நினைத்து ஆதார் எண்ணை முழுசாகத் தட்டினார்கள். ஒருவர் ‘கொஞ்சம் குள்ளமாக இருப்பேன்’ என்று எழுதியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நான் படித்தது லாக்கில். ஆப் தனக்குள் நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு அது. பெயரையும் போன் நம்பரையும் அதில் நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிடுவோம். லேண்ட்மார்க்கில் என்ன ரகசியம் இருக்கப்போகிறது என்று ஊர்ப் பெயரோடு அந்தக் கட்டத்தையும் அப்படியே விட்டிருந்தார்கள். அந்த வரிகள் ஹால் சுவரில் இருந்த டி.வி.யில் நாள் முழுக்க ஓடும். ரத்தம் எடுத்துவரும் பையன்கள் பெட்டியை ஒப்படைத்துவிட்டு அதன் கீழேதான் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மதியம் டி.வி.யில் சிவப்பாக ஒரு நீளமான வரி வந்தது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து யாரோ அடையாளக் கட்டத்தில் இடம் கொள்ளாமல் எழுதியிருக்கிறார். நீளம் அதிகம் என்று ஆப் அதை ஏற்கவில்லை. ஏற்காததை முழுசாகத் தூக்கி லாக்கில் போட்டுவிட்டது. நான் நிமிர்ந்து படித்தேன்.

‘பச்சை கேட் ஊடு. ஆனா ஊட்டுக்கு வராதீங்க, முக்கு டெய்லர் கடைக்கு வாங்க. கர்ப்பம் டெஸ்ட். போன தடவ கலைஞ்சிடுச்சி, உறுதியானா நானே ஊட்ல சொல்லிக்கிறேன். உங்க கிட்ட வேலை பாக்குறது என் கொழுந்தன். அவன அனுப்பாதீங்க.’

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து எங்களிடம் வேலைக்கு வருவது ஒரே ஒரு பையன். அவன் வாட்டர் கேன் பக்கத்தில் டி.வி.க்கு முதுகைக் காட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால் முடிந்தது கதை. நான் ஓடிப்போய் டி.வி.யின் ப்ளக்கைப் பிடுங்கினேன். நாற்காலி ஒன்று கவிழ்ந்தது.

எங்கள் டீம் லீட் அறையிலிருந்து வெளியே வந்து, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தனை பேர் நடுவில் எதைச் சொல்வது? ஷாக் அடிக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, அவரை என் இடத்துக்கு இழுத்துவந்து அந்த வரியைக் காட்டினேன். படித்தார். ஆனாலும் லாக்கில் விவரம் இல்லாவிட்டால் தவறை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“எந்தக் கட்டம், எவ்ளோ நீளம், அது போதும் ஜி. உள்ள எழுதுனது அவங்க ஊட்டு விஷயம்.”

அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பையன் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். சரி, இப்போதே மாற்றலாம் என்றார்.

அந்த மத்தியானம் மாதிரி நான் வேலை பார்த்ததே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை, பசியும் தெரியவில்லை. முதலில் அந்தப் பெண் எழுதியிருந்த வரியை லாக்கின் ஒவ்வொரு நகலிலிருந்தும் அழித்தோம். பிறகு, மனிதர்கள் கையால் எழுதுகிற எந்தக் கட்டமும் லாக்கில் நட்சத்திரமாக மட்டுமே விழும்படி செய்தோம். அடையாளத்தை எடுத்துவிட்டு ‘வழி சொல்லுங்கள்’ என்று போட்டோம். ரத்தம் எடுக்கப் போகிறவர் மட்டும் அதைப் படிக்கலாம். ‘பெண் ஊழியர் வர வேண்டும்’ என்று ஒரு சின்னக் கட்டத்தையும் சேர்க்கச் சொன்னேன். டிக் போட்டால் போதும், காரணம் கேட்கக் கூடாது. நான் அடித்துப் பார்த்த பொய் விவரமெல்லாம் லாக்கில் நட்சத்திரமாக வந்து விழ விழ, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் டி.வி.யை மறுபடி போட்டோம். கொஞ்ச நேரத்தில் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பதிவு, ஆப் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, வெள்ளை எழுத்தில் ஓடியது. டிக் போட்டிருந்ததால் ஒரு பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். அந்தப் பையன் ஹெல்மெட்டோடு என் மேஜைக்கு வந்தான்.

“அக்கா, அது நம்ம ஏரியாதானே? என்னைய உட்டுட்டு வேற ஆள அனுப்பிகீறாங்க, இன்னா மேட்டரு?”

பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள் என்றேன். காலையில் வந்த அந்தப் பதிவு அவன் அண்ணியுடையதா, அதே ஊரில் வேறு யாருடையதா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை அரித்தது. அவன் டி.வி. கீழே போய் நின்று, அண்ணாந்து அந்த வரியை மெதுவாக, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

“ஒரே ஸ்டாரா கீது. ஒன்னியும் புரியலக்கா” என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது.