பொம்மைக்காக அழுத மேடம்

நர்சிங் கல்லூரியில் பிரசவம் பழக எங்களுக்கு ரப்பர் பொம்மைதான். அதன் முகத்தில் மாஸ்க்கைச் சரியாகப் பொருத்தி, காற்றுப்பையை அழுத்தி, நெஞ்சு எழும்பினால்தான் பின்னால் நிற்கும் மேடம் குழந்தை மாதிரி அழுவார். "இதெல்லாம் ஒரு படிப்பாடி?" என்று சிரிப்போம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. சம்பா நடவிலிருந்து வலியெடுத்து, சேற்றுக்காலோடு ஒரு பெண் வந்தாள். பிரசவ அறையில் அவளும் நானும் மட்டுமே. பிறந்த குழந்தை மூச்சுவிடவில்லை. மாஸ்க்கைத் திருத்திப் பொருத்தி அழுத்தினேன். நெஞ்சு எழும்பியது. என் முதுகுக்குப் பின்னால் அழுகை கேட்டது.

"சிஸ்டர், புள்ள அழுதுடுச்சுல்ல?" என்றாள் தாய்.

குழந்தை இன்னும் வாயே திறக்கவில்லை. திரும்பினேன். சுவர்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் குழந்தை வீறிட்டது.

படித்த படிப்பு திருப்தியா என்று யாராவது கேட்டால், பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் "திருப்திங்க" என்கிறேன்.