செல்லாயி வெட்டிய மரமும் எனக்குக் கிடைத்த விசாவும்

எனக்குக் கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சின்னச்சாமி, முருகன் உனக்குச் செய்ததை எழுதிக் கொடு, நாலு பேர் படிக்கட்டும்" என்று கிருத்திகை பஜனைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். உருகி உருகி எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முந்தின வருஷம், ஆடி மாதம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் தங்கை பார்வதியிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். "அண்ணே, இருமல் நிக்கவே இல்ல. ரத்தமும் வருது. இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு டாக்டர் சொல்லீட்டார். ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போங்க."

அவளைப் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவளே இங்கே வரலாமே என்பீர்கள். வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அந்த நாட்டுப் பிரஜை என்று அவளுக்குக் காகிதம் கிடையாது. பிள்ளைகள் மூன்றும் அங்கே. ஆகவே நான்தான் போகவேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற ஒரு மாத விசா போதும். கதிர்காமம் போகும் ஆசையில் முன்பே எடுத்த பாஸ்போர்ட் கையில் இருந்தது.

எங்கள் ஊர் பள்ளங்கிக்குக் கீழே. உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவர்கள் நாங்கள். கோடைக்கானல் பஜாரில் மனு எழுதும் ராவுத்தர்தான் எங்களுக்கு இங்கிலீஷ். விசா பாரத்தை அவர் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி நிரப்பினார்.

"எப்பவாச்சும் கோர்ட்டுல தண்டனை அடைஞ்சிருக்கீரா?"

"இல்லீங்க ராவுத்தரே."

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஏன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்துக் காட்டுக்கு ஒரு பாரஸ்ட் கார்டு இருந்தார். மாதம் ஒரு கேஸாவது அவர் மேலதிகாரிகளுக்குக் காட்டவேண்டும். லாரி வைத்து மரம் கடத்துகிறவன் மேல் கைவைக்க அவருக்குத் துணிச்சல் கிடையாது. எங்கள் பெண்களோ காட்டில் சுள்ளி பொறுக்காமல் அடுப்பு மூட்ட முடியாது. அதனால் ஊரில் ஓர் ஏற்பாடு. மாதம் ஒரு வீட்டு ஆள், வரிசைப்படி, கோர்ட்டில் போய் நிற்பான். "வெட்டினாயா?" என்று கேட்டால் "ஆமாங்க சாமி" என்பான். அபராதத்தை ஊர்ப் பொதுவிலிருந்து கட்டுவார்கள். வரும்போது உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு வருவான். இதற்கு முறை என்று பெயர். எவனும் இதைத் தன் குற்றமாக நினைத்ததில்லை. அது ஊர்ச் சோலி, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் முறை வந்தது. அந்த மாதம் பார்த்துச் சுள்ளிக் கேஸ் இல்லை. எங்கள் ஊரில் தனியாக இருக்கும் விதவை செல்லாயி, வீட்டுக்கு உத்தரம் வேண்டும் என்று முழு மரத்தையே சாய்த்திருந்தாள். அது என் தலையில் விழுந்தது. அபராதத்தோடு, கோர்ட் கலையும்வரை காவலில் இருக்கவும் தீர்ப்பு. சாயங்காலம் வரை மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு போகச் சொன்னார்கள். என் சிறைவாசம் அதுதான்.

ஐப்பசியில் மனு திரும்பி வந்தது. மரம் வெட்டித் தண்டனை அடைந்ததை மறைத்துவிட்டேனாம், விசா கிடையாதாம். யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

ராவுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சின்னத் தண்டனைங்க. சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம். மறைச்சதுதான் பெருசா நிக்குது. உள்ளத எழுதி இன்னொரு தடவ போடுவோம். ஆனா நீரு வெட்டலேன்னா, வெட்டுன ஆளு கைநாட்டு வேணும். வெறும் வாய்ப்பேச்சு மெட்ராஸ் விசா ஆபீஸுல எடுபடாது."

அன்றே ஊரைக் கூட்டினேன். தங்கை சாகக் கிடக்கிறாள், உண்மையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏலே, முறைய எல்லாம் காகிதத்துல ஏத்துனா, நாளைக்கு கார்டு நம்ம பொம்பளையாளுகளக் காட்டுக்குள்ள விடுவாரா? பேசாமக் கெட."

எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை பேரும் நான் முறைக்குப் போன அன்று "நல்லபடியாப் போயிட்டு வா" என்று வழியனுப்பியவர்கள்தான். செல்லாயி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு மேலே அதே மரத்து உத்தரம்.

கார்த்திகையில் இரண்டாவது கடிதம் வந்தது. பார்வதியால் எழுந்து உட்கார முடியவில்லை.

நேரே கோடையில் இருக்கும் முருகன் கோயிலுக்கு, குறிஞ்சி ஆண்டவரிடம் போனேன். தெளிந்த நாளில் அங்கே நின்றால் பழனிமலை தெரியும். அன்று ஒரே மூட்டம். அவன் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை என்று இன்னும் ஆத்திரம் வந்தது. கும்பிடவில்லை. கத்தினேன்.

"எத்தன வருசமாக் காவடி தூக்குனேன்! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? ஊருக்காக நின்னவன் குத்தவாளி. மரத்த வெட்டுன செல்லாயி அதே உத்தரத்துக்குக் கீழ நிம்மதியாத் தூங்குறா. எந்தங்கச்சி நான் போகாமச் செத்தான்னா, ஒம் மலைப் படிய மிதிக்க மாட்டேன், பாத்துக்க!"

குருக்கள் ஓடி வந்தார். "சத்தம் போடாதேயும், கோயில் இது."

"அவனுக்குக் கேக்குற வரைக்கும் போடுவேன்" என்றேன். தொண்டை கட்டும்வரை போட்டேன். அழுகையும் வந்தது. யாரையும் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், வெரசா வரச்சொல்லி ராவுத்தர் ஆள் அனுப்பினார். போனால், அவர் கடை வாசலில் செல்லாயி உட்கார்ந்திருக்கிறாள். கட்டைவிரலில் மை. முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் வெட்டுனேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்கு வெறகு வித்துட்டு கோயிலுக்கு வந்தேன். ஒனக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். மனுசங்கிட்ட எம்பேரச் சொல்லியிருந்தா இல்லேன்னு சாதிச்சிருப்பேன். நீ முருகங்கிட்டயே சொல்லிட்ட. ரெண்டு நாளாச் சோறு எறங்கல."

"ஒம்மேல கேஸ் போட்டா?"

"போடட்டும். கோர்ட் கலையற மட்டும் ஒரு மூலையில உக்காரணும், அம்புட்டுத்தான? எனக்கு உக்காரத் தெரியாதாக்கும்!"

அவள் கைநாட்டு வைத்த செய்தி ஊருக்குப் போனதும், முறைக்குப் போய்வந்த ஆண்பிள்ளைகளுக்குச் சுருக்கென்றது. ஒரு பொம்பளை செய்துவிட்டாளே என்று ஒன்பது பேர் ராவுத்தர் கடைக்கு வந்து கைநாட்டு வைத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, தண்டனை உண்டு என்று எழுதி, ஏன் என்றும் எழுதி அனுப்பினோம்.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கையில் விசா வந்தது. அந்த வருஷம் நான் காவடி எடுக்கவில்லை. இலங்கை போகிறவர்களை நிறுத்திச் சோதிக்கும் மண்டபம் கேம்ப்பில் ஊசி போட்டுக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன்.

பார்வதி உயிரோடு இருந்தாள். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து அறையில், பாயில், எலும்பாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணே, எப்படி விட்டாங்க?" என்றாள். முருகனைத் திட்டிய கதையைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தாள். பதினேழு நாள் நான்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். பதினெட்டாம் நாள் காலை என் மடியிலேயே போய்விட்டாள். அந்த வருஷம் என் தோளில் ஏறியது காவடி இல்லை, அவள்தான்.

அவளைப் பிழைக்க வைத்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். ஆனால் அவள் கேட்டது என் முகத்தை. நான் கேட்டது அவளைப் பார்க்க. இரண்டும் கிடைத்தது. அதற்காக அவனுக்குச் சாகும்வரை நன்றி சொல்வேன்.

செல்லாயி மேல் கேஸ் வரவில்லை. முறை முழுக்கக் காகிதத்தில் ஏறிய செய்தி காதில் விழுந்ததும் கார்டு எங்கள் பக்கம் தலைகாட்டவே கூசினார். அதோடு முறை நின்றது. பெண்கள் சுள்ளி பொறுக்குகிறார்கள், காடு அப்படியேதான் இருக்கிறது. நானும் மாறியிருக்கிறேன். செய்யாததைச் செய்தேன் என்று யாருக்காகவும் சொல்வதில்லை. எந்தக் காகிதத்திலும் உள்ளதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் மனசுக்குள் முணுமுணுக்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். யார் காதில் விழவேண்டுமோ அவர்கள் காதில் விழச் செய்வான். நம்புங்கள்.

போன மாதம் பூண்டு விலை விழுந்ததற்காகக் குறிஞ்சி ஆண்டவரிடம் சண்டை போடப் போனேன். வாயைத் திறப்பதற்கு முன்னால், பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.